நாற்பத்தேழாம் எண் பெட்டி

செப்டம்பர் 7, சனி. சாலிகிராமம்

காலையிலிருந்து லிஸ்ட் வேலை. ஐஸ்லாந்துக்குப் போகும் சாமான்கள் மொத்தம் எழுபத்திரண்டு. கேமரா, லென்ஸ், ட்ரைபாட், மானிட்டர், பேட்டரி, கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர், சீரியல் நம்பர், எடை, மதிப்பு, எந்த நாட்டில் செய்தது என்கிற விவரம், எல்லாம் எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஏர்போர்ட்டில் நிற்க வைத்துவிடுவார்கள். டைரக்டர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? பனிமலை வேண்டும் என்று கையைக் காட்டுவார்கள். அந்தக் கை காட்டிய இடத்துக்கு எழுபத்திரண்டு சாமானையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது இந்த மதியழகன் தலையில்.

இந்த லிஸ்டை வைத்து வாங்குகிற கார்னெட் என்றால் என்ன என்று தங்கை மகள் கயல் போன வாரம் கேட்டாள். சாமான்களுக்குக் கொடுக்கிற பாஸ்போர்ட் என்று சொன்னேன். இதைக் காட்டினால் இன்னொரு நாட்டுக்குள் வரி கட்டாமல் கொண்டுபோகலாம். ஆனால் அவர்கள் குறித்துக் கொடுக்கும் தேதிக்குள் ஒன்று விடாமல் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, தொலைக்கவும் கூடாது. "அப்ப மனுஷங்களவிட சாமானுக்குத்தான் மாமா கண்டிஷன் ஜாஸ்தி" என்றாள். கெட்டிக்காரி. பி.காம் இரண்டாம் வருடம்.

ஏப்ரலில் நார்வே போனபோது அடித்த லிஸ்ட் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அதையே எடுத்து, புதிதாக வாங்கிய நான்கு லென்ஸை மட்டும் கடைசியில் சேர்த்தேன். இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ அதிகமாகக் குடித்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

சென்னை கார்கோவில் கஸ்டம்ஸ் முடிந்தது. ஆபீசர் ஐந்து பெட்டிகளைத் திறக்கச் சொன்னார், நம்பரைப் பார்த்தார், மஞ்சள் தாளில் முத்திரை குத்தினார். "எல்லாம் லிஸ்ட்ல இருக்கிறபடி இருக்கா?" என்றார். இருக்கிறது சார் என்றேன். இருபத்தாறு வருட சர்வீஸ்.

இந்தத் தடவை எனக்கு உதவிக்கு வருவது தேசப்பன். என் தங்கை இன்பவல்லியின் வீட்டுக்காரன். காசிமேட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவனைப் பதினைந்து வருடத்துக்கு முன் நான்தான் கேமரா வாடகைக்கு விடும் எங்கள் யூனிட்டில் சேர்த்துவிட்டேன். வீட்டில் மாப்பிள்ளை, வேலையில் என் ஆள். எப்போதும் என்னோடு வருகிறவனுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகிவிட்டதால் முதலாளியிடம் சொல்லி இவனைப் போட்டேன். நாற்பத்தேழு வயதில் முதல் பாஸ்போர்ட். மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான்.

இன்பாவும் கயலும் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார்கள். இன்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, அது வெளியூர்ல வாயத் தொறந்து எதுவும் கேக்காது. பசிச்சாலும் சொல்லாது. நீதான் பாத்துக்கணும்" என்றாள். அவன் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா என்று கிண்டல் செய்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். இந்த ஊர் கஸ்டம்ஸில் ஒரு சின்னப் பெண். இரண்டு பெட்டி திறந்து பார்த்தாள், சிரித்தாள், வெள்ளைத் தாளில் முத்திரை போட்டு, சாமான்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டிய கடைசி நாள் என்று செப்டம்பர் 21 எழுதினாள். அந்தத் தேதியைப் பேனாவால் இரண்டு தடவை வட்டமிட்டுக்கொண்டேன்.

குளிரில் பல் கிட்டுகிறது. தேசப்பன் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலைக்கு இன்பா கொடுத்தனுப்பிய மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, மார்கழி மாதத்து ஐயப்ப சாமி மாதிரி இருக்கிறான்.

செப்டம்பர் 13, வெள்ளி

இரண்டு நாளும் அருவியில் ஷூட்டிங். லென்ஸ் துடைத்தே கை மரத்துவிட்டது. சாயங்காலம் பேக்கப் ஆனதும் தேசப்பனைக் காணோம். தேடிப் போனால் துறைமுகத்தில் நிற்கிறான். மீன் இறக்கிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்களோடு கையாலேயே பேசிக்கொண்டிருக்கிறான். அவர்கள் ஒரு மீனைத் தூக்கிக் காட்ட, இவன் அதன் செவுளைப் பிரித்துப் பார்த்துத் தலையாட்ட, மூன்று பேருக்கும் ஒரே சிரிப்பு. எனக்கு இருபத்தாறு வருடமாக எந்த வெளிநாட்டிலும் ஒரு சிநேகிதன் கிடைத்ததில்லை. இவனுக்கு மூன்றே நாள் போதும் போலிருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கறுப்பு மணல் கடற்கரைக்கு வந்துவிட்டோம். பக்கத்து ஊரில் ஓட்டல். மணல் நிஜமாகவே கரி மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் தூண் தூணாகக் கற்கள் அடுக்கிய மலை. பார்க்க அழகுதான், ஆனால் எனக்கு அந்தக் கடலின் சத்தம் பிடிக்கவில்லை.

இங்கே எங்களுக்கு எல்லாம் ஏற்பாடு செய்கிறவள் ஹெல்கா என்ற அம்மாள். ஐம்பது வயது இருக்கும். எல்லாரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தாள். இங்கே பத்து அலை சாதுவாக வரும், பதினோராவது அலை நிற்கிற ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், தண்ணீரில் விழுந்தால் குளிரே சில நிமிடத்தில் ஆளை முடித்துவிடும், கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்றாள். நான் தமிழில் சொன்னேன். தேசப்பன் சிரித்தான். "மச்சான், நம்மகிட்ட வந்து கடலைப் பத்தி சொல்றாங்களே" என்றான். ஆனால் ஷூட்டிங் முடியும்வரை அவன்தான் எல்லாரையும் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தான். அலையைப் பார்க்கத் தெரிந்தவன் யூனிட்டில் அவன் ஒருவன்தான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பாட்டு முடிந்தது. ஹீரோயின் மெல்லிசுப் புடவையில் நடுங்கினாள், பாவம். கேமராவைத் தூண் பாறைகளின் அடியில் வைத்து எடுத்தார்கள். நாளை முழு நாள் பேக்கிங். வியாழன் மதியம் தலைநகரம், வெள்ளி காலை விமானம்.

செப்டம்பர் 18, புதன்

நாற்பத்தேழு இல்லை.

மூன்று தடவை எண்ணிவிட்டேன். எழுபத்தொன்று சரியாக இருக்கிறது. நாற்பத்தேழாம் எண், ஃபில்டர் பெட்டி. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற ஆறு கண்ணாடி ஃபில்டர் வைத்த சின்ன அலுமினியப் பெட்டி, ஒரு கையில் தூக்கிவிடலாம். வேன், ஓட்டல் அறை, மேக்கப் வண்டி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகக் கடற்கரையில் பாறைக்குக் கீழே பார்த்த மாதிரி ஞாபகம். தேசப்பனைக் கேட்டேன். வழக்கம்போல் தலையைச் சொறிந்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று எழுதி வைக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் மலேசியாவில் ஒரு ட்ரைபாட்டின் அடித்தட்டு ஓட்டலில் தங்கிவிட்டது. எட்டு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. முதலாளி இரண்டு வருடம் என்னை வெளிநாட்டுக்கே அனுப்பவில்லை. "மதி அண்ணன் போனா பாதி சாமான் அங்கியே குடியேறிடும்" என்று யூனிட் பையன்கள் எல்லாம் கேலி செய்தார்கள். இன்னொரு தடவை அது நடந்தால் நான் கோடவுனில் உட்கார்ந்து கேபிள் சுற்ற வேண்டியதுதான்.

சாப்பாடு இறங்கவில்லை. தேசப்பன் ரொட்டியும் சூப்பும் அறைக்கே கொண்டுவந்தான். வேண்டாம் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

தேசப்பன் இல்லை. அலை இழுத்துக்கொண்டது. காலை எட்டே முக்கால்.

செப்டம்பர் 20, வெள்ளி

படகுக்காரர்கள் இன்று மதியம் உடலை எடுத்தார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி. அடையாளம் காட்டப் போனேன். மஃப்ளர் கழுத்திலேயே இருந்தது. முகத்தில் காயம் இல்லை. தூங்குகிறவன் மாதிரி இருந்தான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தேசப்பன் தூங்கும்போது வாய் திறந்திருக்கும்.

வேன் டிரைவர் போலீஸிடம் சொன்னதை ஹெல்கா எனக்குச் சொன்னாள். தேசப்பன் பாறைகளின் அடியில் குனிந்து, கற்களுக்கு இடையில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தான். முதுகு கடலைப் பார்த்து இருந்தது. டிரைவர் மேலே வண்டியருகிலிருந்து கத்தியிருக்கிறான், காற்றில் கேட்கவில்லை. ஒரே அலை. காசிமேட்டில் எத்தனையோ புயலில் நீந்தி வந்தவன், இங்கே குளிரில் நாலு கை போட முடியவில்லை.

இன்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். ஷூட்டிங் வேலையாகப் போன இடத்தில் அலை வந்துவிட்டது என்றேன். அவள் அழவில்லை. "எப்பக் கூட்டினு வருவ?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் கயல் போனை வாங்கினாள், அவளுடைய அழுகையைத்தான் கேட்க முடியவில்லை.

அவனாகத்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான்.

செப்டம்பர் 21, சனி

இன்றுதான் வட்டம் போட்ட தேதி. யூனிட் முழுக்க நேற்றே போய்விட்டது. நானும் எழுபத்தொரு சாமானும் தேசப்பனும் இங்கே இருக்கிறோம். அவனை அனுப்ப இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், தூதரகத்துக் கடிதம், அவனுடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்த முத்திரை எல்லாம் வேண்டும். ஐந்தாறு நாள் ஆகும். சாமான்களோ இன்று போயாக வேண்டும். அவற்றை அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். எதை விட்டுவிட்டு எதனோடு போவது என்று தெரியாமல் விடியும்போதே ஹெல்காவுக்கு போன் செய்தேன்.

அவள் என்னை கஸ்டம்ஸ் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனாள். வயதான ஆபீசர். ஹெல்கா விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளில் நாலு வரி எழுதி முத்திரை போட்டுச் செப்டம்பர் 30 வரை நீட்டித்துக் கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு பெட்டி குறைகிறது என்று நானே சொன்னேன். அவர் லிஸ்டைப் பார்த்தார். நாற்பத்தேழாம் எண்ணைச் சுட்டிக்காட்டி, சாமான்கள் வெளியே போகும்போது இந்த ஒன்று காட்டப்படவில்லை என்று எழுதிவிடுவோம், மற்றதை இந்தக் கார்னெட்டைக் கொடுத்த உங்கள் ஊர் வர்த்தக சேம்பரோடு கடிதத்தில் பேசித் தீர்த்துக்கொள்வோம், வாரத்துக்கு ஒன்று இப்படி நடக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதற்காகவா அவர் கடலுக்குப் போனார் என்று மெதுவாகக் கேட்டார். ஹெல்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இருபத்தாறு வருடமாகத் தெரியும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

போய்ப் பார் என்று சொன்னேன். அவ்வளவுதான். எந்த இன்சார்ஜாக இருந்தாலும் சொல்வதுதான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கோடவுனிலிருந்து வேதநாயகம் சார் போன் செய்தார். முப்பது வருடமாக ஸ்டோர் பார்க்கிறவர். தேசப்பனைப் பற்றிப் பேசிப் பேசி அழுதார். தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு வஞ்சிரம் கொண்டுபோய்க் கொடுப்பானாம். எனக்கே தெரியாது. அப்புறம் என்ன பேசுவதென்று தெரியாமல் பெட்டி காணாமல் போனதைச் சொன்னேன். எந்தப் பெட்டி என்றார். ஃபில்டர் பெட்டி என்றேன்.

ரெஜிஸ்டர் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மதி, அந்தப் பெட்டி இங்கதான்யா இருக்கு. நாலாவது ரேக்ல. கண்ணாடியில பூஞ்சை பிடிச்சிருக்குன்னு ஆகஸ்ட்ல நீயேதான கிளீனிங்குக்குக் கொடுக்கச் சொன்ன. போன மாசம் இருவத்தெட்டாம் தேதி உன் கையெழுத்து இருக்கு" என்றார்.

போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நார்வே லிஸ்டில் இருந்தது, இந்த லிஸ்டிலும் வந்துவிட்டது. சென்னையில் ஐந்து பெட்டி திறந்தார்கள், இங்கே இரண்டு திறந்தார்கள். அந்த ஏழில் அது இல்லை. பாறைக்குக் கீழே பார்த்த ஞாபகம் நார்வேயில் ஒரு பாறைக்குக் கீழே பார்த்த ஞாபகம். சென்னையைவிட்டு வராத பெட்டியைத் தேடி அவன் அந்தக் கற்களுக்கு இடையில் கையை விட்டிருக்கிறான்.

பதினெட்டாம் தேதி அவன் தலையைச் சொறிந்தான் என்று எழுதியிருக்கிறேன். சொறியவில்லை. "மச்சான், இந்த ட்ரிப்ல அந்தப் பெட்டியை நான் தூக்கவே இல்ல. அது வரலேன்னு நெனைக்கிறேன்" என்று தெளிவாகச் சொன்னான். இரண்டு தடவை சொன்னான். கண்ணை வைத்துக்கொண்டு வேலை செய்தால்தானே உனக்குத் தெரியும் என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். அதற்கப்புறம்தான் அவன் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்தான்.

செப்டம்பர் 25, புதன்

சாமான்கள் வெளியே போகும் முத்திரை விழுந்தது. அந்த வயதான ஆபீசரே வந்திருந்தார். "47 காட்டப்படவில்லை" என்று எழுதினார். பெட்டி சென்னையில்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி. சென்னை

ஒரே விமானத்தில் வந்தோம். நான் மேலே, அவனும் சாமான்களும் கீழே. கார்கோவில் இரண்டு கவுண்டர். ஒன்றில் கார்னெட், இன்னொன்றில் அவனுடைய காகிதங்கள். இரண்டிலும் என் கையெழுத்து. சவப்பெட்டிக்கும் எடை போட்டுச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். முனை வெட்டிய அவன் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தார்கள். அதில் அந்த நாட்டு முத்திரை ஒன்றுதான் இருந்தது, உள்ளே வந்ததற்கு. வெளியே போனதற்கு இல்லை.

இன்பா வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்தாள். அப்படியே வண்டியில் ஏறிக்கொண்டாள்.

செப்டம்பர் 28, சனி

அடக்கம் செய்தோம். காசிமேடே வந்திருந்தது. அவனோடு கடலுக்குப் போனவர்கள் யாரும் நம்பவில்லை. தேசப்பனையா கடல் எடுத்தது என்று ஆள் மாற்றி ஆள் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குக் கோபம் கடலின் மேல். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கல்யாணம் ஆன புதிதில் அவன் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கூடை இறால் கொண்டுவந்தான். இன்பா சமைத்து, நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் உட்காரவே இல்லை. இன்று எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள். நான் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஆறுதல் சொன்னார், நல்ல மனுஷர். பிறகு கார்னெட் விஷயம். நாற்பத்தேழாம் எண்ணுக்கு ஐஸ்லாந்து வரி கேட்காமல் இருக்க வேண்டுமானால் அது இந்தியாவைவிட்டே போகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பெட்டியை இங்கே கஸ்டம்ஸில் நேரில் காட்டி, நடந்த தவறை எழுத்தில் கொடுத்தால் அவர்கள் சான்றிதழ் தருவார்கள். யார் எழுதுவது? லிஸ்ட் தயாரித்தவன்தான்.

கிளம்பும்போது, குடும்பத்தாரிடம் இந்த விவரமெல்லாம் போக வேண்டியதில்லை மதி, ஷூட்டிங் வேலையாகப் போனான் என்பது பொய் இல்லையே என்றார். இல்லை சார் என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

வேதநாயகம் சார் பெட்டியைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். ஆறு கண்ணாடியும் பளபளவென்று இருக்கின்றன.

கஸ்டம்ஸ் ஆபீசில் பெட்டியை மேஜைமேல் வைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். மூன்று நகல். "பழைய பட்டியலைச் சரிபாராமல் பயன்படுத்திய காரணத்தால், வரிசை எண் 47 அனுப்பப்படாமலேயே அனுப்பப்பட்டதாகக் காட்டப்பட்டுவிட்டது. இது முழுக்க என் தவறு. மதியழகன்." ஆபீசர் படித்தார், சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்தார், சரி என்றார். நாளைக்கு வந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

முன்பின் தெரியாத ஆபீசருக்கு மூன்று வரியில் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். இன்பாவுக்கு என்ன சொல்லப்போகிறேன்?

தினமும் போகிறேன். தினமும் சாயங்காலம் அவள் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அவள் காபி கொடுக்கிறாள். கயல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அப்பா அங்கே என்ன சாப்பிட்டார், எங்கே போனார், யாரோடு பேசினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். துறைமுகத்துக் கிழவர்கள் கதையை நாலு தடவை சொல்லியாயிற்று. அதற்குச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எப்படி வாயைத் திறப்பது? இனி இந்தக் குடும்பத்துக்கு என்னைவிட்டால் யார் என்று ஊரே சொல்கிறது. சொல்லிவிட்டால் அந்த வாசலில் எனக்கு இடம் இருக்குமா என்பதுதான் என் பயம். வேறு சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

போய்ப் பார் என்பதோடு இன்னொன்றும் சொன்னேன். அதை இங்கே எழுதக் கை வரவில்லை.

அக்டோபர் 2, புதன்

சான்றிதழ் வந்துவிட்டது. கார்னெட் கணக்கு நேர். முதலாளிக்குச் சந்தோஷம்.

அக்டோபர் 4, வெள்ளி

பதினாறாம் நாள் காரியம். படத்துக்கு மாலை போட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவையே பெரிதாக்கியிருக்கிறார்கள். அதில் சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரன் சொல்லியும் அவன் உதட்டோரம் சிரித்திருக்கிறான். மைத்துனன் முறையில் செய்ய வேண்டியதை எல்லாம் நானே செய்தேன். எங்கள் பெரியப்பா என் தோளைத் தட்டி, "நீ இருக்கிற தைரியத்துலதான் இன்பா எழுந்து நடக்குது" என்றார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று சொன்னேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் போனேன். இன்பா அவனுடைய துணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கயல் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தேன். லிஸ்டில் நான் செய்த தப்பு, பெட்டி கோடவுனிலேயே இருந்தது, அது வரவில்லை என்று அவன் சொல்லியும் நான் திட்டியது, அவனைத் தேட அனுப்பியது. ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒன்றைத் தவிர.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் என்னை நேராகப் பார்த்து இருபத்தேழு நாள் ஆகிறது.

"எனக்குத் தெரியும்ண்ணா. அன்னிக்கு வேன்ல போய்க்கினே எனக்கு போன் பண்ணிச்சு. இங்க மத்தியானம் ரெண்டு மணி. பெட்டி அங்க இல்ல இன்பா, அது மெட்ராஸ்ல இருந்து வரவே இல்லன்னு சொல்லிச்சு. அப்ப ஏன் போறன்னு கேட்டேன். உங்கண்ணன் ராத்திரி சாப்பிடல, நான் ஒரு வாட்டி போய்த் தேடிட்டு வந்து இல்லன்னு சொன்னாதான் அது அடங்கும்னு சொல்லிச்சு."

அவள் அடுத்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"தினம் வர, உக்கார்ற, காபி குடிக்கிற, போற. இன்னிக்கிச் சொல்லுவ, நாளைக்கிச் சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். பதினாறு முடியற வரைக்கும் பாத்தேன். நானா கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். குரல் ஏறவே இல்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் எனக்குக் காபி கொடுத்திருக்கிறாள். இல்லாத பெட்டியைத் தேடப் போகிறோம் என்று தெரிந்துகொண்டேதான் அவனும் போயிருக்கிறான். எனக்காக. நான் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பதற்காக. எல்லாரும் எல்லாம் தெரிந்து என்னைச் சுமந்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் எதையும் தெரியாத மாதிரி இந்த நோட்டில்கூடப் பொய் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அவன் உன்கிட்ட சொல்லாதது ஒண்ணு இருக்கு" என்றேன். அவன் போனில் பேசியதில் அது இருக்காது. இருந்திருந்தால் அவள் என்னை இந்த வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

இன்பா உள்ளே பார்த்து, "கயலு, இங்க வா. மாமா உன்கிட்டயும் சொல்லணும்" என்றாள். கயல் வந்து அம்மாவின் பக்கத்தில், அந்தத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே இருந்தபடி எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று அவள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. நானும் அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்குக் காலையில உங்கப்பா வேன்ல ஏறும்போது நான் ஓட்டல் வாசல்ல நின்னுக்கினு இருந்தேன். டிரைவர் முன்னாடி, மேக்கப்காரங்க முன்னாடி சொன்னேன். அந்தப் பெட்டி இல்லாம திரும்பி வராதன்னு சொன்னேன். அதான் நான் அவன்கிட்ட கடைசியா பேசினது."

இன்பா கண்ணை மூடிக்கொண்டாள். கயல் ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்பா இன்னா சொன்னாரு?"

"சரி மச்சான்னான்" என்றேன்.